ஓடையில் வந்த நல்ல தண்ணீர்: சுண்ணாம்புச் சுரங்கத்திலிருந்து உப்பளம் வரை

இந்த வலைப்பதிவுக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: "பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட உருப்படியான கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் எங்கே இருக்கிறது?" கேட்பவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்ற வேதியியல் ஆசிரியர்கள். நான் கோவில்பட்டிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறேன். பிள்ளைகளை வேனில் ஏற்றுவதற்கு முன்னால் இடத்தை ஒருமுறை தனியாகப் போய்ப் பார்த்துவிடுவது என் வழக்கம். பட்ட பாடு அப்படி. ஒரு நிலையத்தில் குழாய்களுக்கு அடித்திருந்த பெயிண்ட் மட்டும்தான் சுத்தமாக இருந்தது. திரும்பி வரும் வழியில் வேன் முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்தது.

தூத்துக்குடிக்கு வடமேற்கே ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் நல்ல நிலையம் ஒன்று வந்திருப்பதாகச் சக ஆசிரியை ஒருவர் சொன்னார். சுரங்கக் குழியில் ஊறி நிற்கும் தண்ணீரைச் சுத்தம் செய்வதோடு, அதில் கரைந்திருப்பதையும் பிரித்து எடுத்து விற்கிறார்களாம். ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். சுரங்கத்தின் பெயரை எழுதப் போவதில்லை. ஏன் என்பது படித்து முடிக்கும்போது தெரியும்.

கோவில்பட்டியில் காலை 6.10க்கு எட்டயபுரம் வழியாகப் போகும் பேருந்து. தூத்துக்குடிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் முன்னாலேயே இறங்கிக்கொண்டேன், டிக்கெட் 40 ரூபாய். அங்கே அந்தோணி தன் ஆட்டோவோடு காத்திருந்தார். தருவைகுளத்துக்காரர், வயது முப்பத்தைந்து இருக்கும். நாள் வாடகை 1,400 ரூபாய் என்று தொலைபேசியிலேயே பேசியிருந்தோம். வண்டியில் முன்பக்கம் மாதா படம், பின்பக்கம் ஒரு நடிகர் படம். "பீச்சுக்குப் போகக் கேப்பாவ, மாதா கோயிலுக்குக் கேப்பாவ. சாக்கடையப் பாக்கணும்னு ஆட்டோ கேட்டது நீங்கதான்க்கா மொத ஆளு" என்றார். சாக்கடை இல்லை என்று விளக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

சாலையிலிருந்து சுரங்கம் 4 கிலோமீட்டர். வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள், மறக்காதீர்கள். சூப்பர்வைசர் கார்த்திக் எனக்காக வந்து நின்றார். பொறியியல் படித்த இளைஞர், மதுரைக்காரர். தன் வேலையில் பெருமை உள்ளவர். அந்தப் பெருமைக்கு அவர் தகுதியானவர்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் குழியைக் காட்டினார். பனை உயரத்துக்கும் கீழே, சுண்ணாம்பு கலங்கிய வெள்ளைத் தண்ணீர். கல் வெட்ட வேண்டுமானால் அதை இறைத்தே ஆக வேண்டும். இறைத்து எங்கே விடுவது? முன்பெல்லாம் பக்கத்துக் காட்டில் விட்டு, எதற்கும் சாகாத வேலிக்கருவை முள்மரம்கூடப் பட்டுப்போனதாம். பிறகு வெளியே ஒரு சொட்டும் விடக்கூடாது என்று தடை வந்தது. தண்ணீரைக் குழிக்குள்ளேயே இங்கிருந்து அங்கே மாற்றி மாற்றிக் காலத்தை ஓட்டியிருக்கிறார்கள்.

இப்போது நடப்பது வேறு. கலங்கல் பெரிய தொட்டிகளில் படிகிறது. அந்தச் சேற்றைப் பிழிந்து, காயவைத்து, செங்கல் அளவுக்குக் கட்டிகளாக்கிக் கட்டுமான வேலைக்கு அனுப்புகிறார்கள். அடுத்த தொட்டியில் ஜிப்சத்தைப் பிரித்து எடுக்கிறார்கள், அது சிமென்ட் ஆலைக்குப் போகிறது. மீதித் தண்ணீர் சவ்வு வடிகட்டிகளுக்குள் போய் ஒரு பக்கம் நல்ல தண்ணீராகவும் மறுபக்கம் கடும் உப்புநீராகவும் வெளிவருகிறது. அந்த உப்புநீரையும் அவர்கள் விடவில்லை. கறுப்பு விரிப்பு போட்ட குளங்களில் வெயிலில் காயவைத்து உப்பாகவே அள்ளுகிறார்கள். சாப்பாட்டுக்கு ஆகாது, சாயப்பட்டறைக்கு ஆகும்.

"நாங்களும் உப்பளம் வச்சிருக்கோம் மேடம். ஒரு கிராம்கூட வேஸ்ட் இல்ல" என்றார் கார்த்திக்.

எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. பாடப் புத்தகத்தில் கட்டம் கட்டமாகப் போட்டு, அம்புக்குறி வரைந்து, தேர்வுக்கு மனப்பாடம் செய்யச் சொல்லும் விஷயம் கண் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. எந்தக் கேள்விக்கும் அவர் மழுப்பவில்லை. கடைசியில் வெளியேறும் இடத்துக்குக் கூட்டிப்போனார். இரும்பு மதகு முழுசாகத் திறந்திருந்தது. தெளிந்த தண்ணீர் சலசலவென்று ஓடையில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு டம்ளரில் பிடித்து முதலில் தான் குடித்தார், பிறகு எனக்குக் கொடுத்தார். எங்கள் தெருக் குழாயில் இப்படி வந்தால் நான் வரி கட்டப் புலம்ப மாட்டேன்.

"முதல்ல ஊர் கண்மாய ரொப்பினோம் மேடம். அது ஆடியிலயே நிறைஞ்சிருச்சு. இப்ப சர்ப்ளஸ் எல்லாம் ஓடைக்கு. மழை இல்லாத மாசத்துல ஓடை ஓடுறத இந்த ஊர்ல யாரும் பாத்ததே இல்லை."

விடைபெறும்போது நிலையத்தின் பெயர் அச்சடித்த ஒட்டுத்தாளோடு ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரும் கொடுத்தார். வருகிற எல்லோருக்கும் கொடுப்பார்களாம். மதியம் ஓர் அதிகாரி பார்வையிட வருவதால் அவசரத்தில் இருந்தார். பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். மணி பத்தரை.

நியாயமாக அங்கேயே என் பயணம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்காமல் திரும்புவதில்லை என்று ஒரு கிறுக்குத்தனம் எனக்கு உண்டு. அந்தோணியிடம் ஓடையோடு போகலாமா என்றேன். அவர் வண்டியைத் திருப்பினார். கொஞ்ச தூரம் போனதும், "அங்கன போனா உங்களுக்கு நல்லாருக்காதுக்கா" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "வந்து பாருங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

சுரங்கத்திலிருந்து உப்பளம் 9 கிலோமீட்டர். பாதி தார், பாதி மண். வழியில் ஓடைக்கரையில் ஆடுகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன, இரண்டு பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அதையெல்லாம் படம் எடுத்தேன். கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடந்ததும் நிலம் தட்டையாகி, கண்ணுக்கு எட்டிய தூரம் உப்புப் பாத்திகள். வெள்ளையில் வெயில் பட்டுக் கண் கூசியது.

ஓடையின் குறுக்கே ஒரு மண்பாதை போட்டிருந்தார்கள், லாரி போகிற அகலத்துக்கு. மேற்கிலிருந்து வந்த தண்ணீர் அந்தப் பாதையில் முட்டி, போக வழியில்லாமல் குளம் கட்டி நின்றது. நின்ற தண்ணீர் ஓடைக்கரையைத் தாண்டி வடபுறத்துப் பாத்திகளுக்குள் இறங்கியிருந்தது. அங்கே பாத்தி இருந்ததற்கு அடையாளமாக வரப்புகளின் தலை மட்டும் தெரிந்தது. அதன் கரையில் ஒரு பெண் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள். கொஞ்ச தூரத்தில் அவள் புருஷன் முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு வரப்புக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான். அவர்கள் செல்லக்கனியும் முத்துராஜும். அந்தோணிக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள்.

"எங்கன இருந்து வாரீய?" என்றாள் செல்லக்கனி.

சுரங்கத்திலிருந்து என்று சொல்ல வாய் வரவில்லை. கோவில்பட்டி என்றேன். அந்தோணி விடவில்லை. "தண்ணி எங்கன போவுதுன்னு பாக்க வந்துருக்காவ. டீச்சரு" என்றார்.

"இங்கனதான் வந்து நிக்கி, டீச்சர். நல்லா பாத்துக்கிடுங்க."

உப்பு எப்படி விளைகிறது என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். தெரிந்தது ரசாயனம் மட்டும். செல்லக்கனி சொன்னதை வைத்து எழுதுகிறேன். மழைக்காலம் முடிந்ததும் தை மாதத்தில் பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதிக்கத் தொடங்குவார்கள். நாள் கணக்கில் மிதித்து மிதித்துத் தரை சிமென்ட் போட்டதுபோல் இறுகினால்தான், உப்பை வாரும்போது சேறு கலக்காமல் வெள்ளையாக வரும். பிறகு கிணற்று உப்புநீரை ஏற்றி வெயிலில் முற்றவைத்து வாரலாம், புரட்டாசி கடைசி வரை. நடுவில் நல்ல தண்ணீர் ஏறினால் இருக்கிற உப்பு கரையும், தரையும் இளகிப் பழைய சேறாகிவிடும். மறுபடி முதலிலிருந்து மிதிக்க வேண்டும்.

முன்பிருந்த சுண்ணாம்புத் தண்ணீர் இவர்களை ஒன்றும் செய்ததில்லை. அழுக்காக இருந்தவரை அதை வெளியே விட அனுமதி இல்லை, சுரங்கத்திலேயே கிடந்தது. சுத்தமானதும் அனுமதி கிடைத்தது, திறந்துவிட்டார்கள். பத்தரை மணி வரை கைதட்டிக்கொண்டிருந்தவள் நான்.

"ஓடைக்குக் குறுக்கே மண்ணைப் போட்டிருக்கிறீர்களே, அடியில் ஒரு குழாயாவது புதைத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். கேட்ட தொனி வகுப்பறைத் தொனி, எனக்கே கேட்டது.

முத்துராஜ் தண்ணீரிலிருந்து நிமிர்ந்தான். "எங்கப்பா காலத்துலருந்து மாசியில மண்ணக் கொட்டிப் பாத போடுதோம். ஐப்பசி மழைல அதுவா அடிச்சிட்டுப் போயிரும். நடு வெயில்ல ஓடையில தண்ணி வரும்னு எந்தக் கிறுக்கன் குழா புதைப்பான், சொல்லுங்க?"

பாதை எதற்கு என்றால், லாரிக்கு. சாலை ஓடைக்குத் தென்புறம், இவர்கள் பாத்திகள் வடபுறம். வாரிய உப்பை வடகரையில் அம்பாரமாகக் குவித்து ஓலை போட்டு மூடி வைத்திருந்தார்கள். இந்த வருடம் வாரியதில் விலை ஏறட்டும் என்று விற்காமல் வைத்திருந்தது அத்தனையும் அந்தக் குவியலில் இருந்தது. மேல்புறப் பாத்திகள் முங்கிவிட்டன. கீழ்ப்புறத்தில் உப்பு பூத்து வாரத் தயாராக எட்டுப் பாத்திகள் மிச்சம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வரப்பைத்தான் முத்துராஜ் பிடித்துவைத்துக்கொண்டிருந்தான். அது ஊறிக்கொண்டே வந்தது.

பாதையை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்கு ஓடிவிடும், எட்டுப் பாத்தியும் பிழைக்கும். ஆனால் லாரி உள்ளே வர முடியாது, ஓடை ஓடுகிறவரை மறுபடி பாதை போடவும் முடியாது. அம்பாரம் அங்கேயே கிடந்து மழையில் கரையும். பாதையை விட்டுவைத்தால் அம்பாரம் பிழைக்கும், பாத்தி போகும். பாத்தியில் விளைச்சல் காட்டாதவருக்கு அடுத்த வருடக் குத்தகை கிடையாது என்று நிலக்காரர் முன்பே சொல்லியிருக்கிறார். வியாபாரியின் லாரி இரண்டு மணிக்கு வருவதாக இருந்தது. அதுவரை வரப்பு தாங்கினால் அம்பாரத்தை ஏற்றிவிட்டுப் பாதையை வெட்டலாம் என்பது அவர்கள் கணக்கு.

நான் சும்மா நிற்க முடியாமல் கார்த்திக்குக்கு போன் போட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்.

"வாட்டர் குவாலிட்டில ஏதாவது இஷ்யூவா மேடம்?"

"தண்ணீர் உப்பளத்துக்குள் ஏறிக்கொண்டிருக்கிறது. லாரி வந்து போகிறவரை மதகை மூடுங்கள். இன்றைக்கு ஒருநாள் போதும்."

"ஓடை கவர்ன்மென்ட் ஓடை மேடம். குறுக்க மண்ணடிச்சு பிளாக் பண்ணினது அவங்க. அதுக்கு நாங்க எப்படி ரெஸ்பான்சிபிள்?"

"சரி, அவர்கள் செய்தது தப்பாகவே இருக்கட்டும். மூடுவீர்களா, மாட்டீர்களா?"

"ஆபீசர் கேட்டுக்கு வந்துட்டார் மேடம். அவருக்கு ஓடையில ஃப்ளோ காட்டணும். திங்கக்கிழமை மேல பேசிப் பாக்குறேன்." வைத்துவிட்டார். அந்த இளைஞர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குத் திட்டுவதற்காவது வசதியாக இருந்திருக்கும்.

இரண்டு மணி ஆயிற்று. இரண்டரை ஆயிற்று. உப்பளத்தில் நிழல் என்று ஒன்று கிடையாது. நான் ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தேன், அந்தோணி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு முத்துராஜோடு வரப்புக்கு மண் சுமந்தார். மூன்று மணி வாக்கில் முத்துராஜின் போன் அடித்தது. லாரி துறைமுகத்தில் வேறு சரக்கோடு வரிசையில் மாட்டிக்கொண்டதாம், நாளைக் காலையில்தான் வருமாம். முத்துராஜ் எதிர்முனையில் இருந்தவனைக் கெட்ட வார்த்தையில் ஏசினான். பிறகு அதே ஆளிடம், "அண்ணாச்சி, ராத்திரிக்காவது அனுப்புங்க அண்ணாச்சி" என்று கெஞ்சினான். அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாமல் நான் எழுந்து அந்தப் பக்கம் போனேன்.

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே வரப்பின் ஒரு மூலை சரிந்தது. தண்ணீர் முதல் பாத்திக்குள் போனது. பூத்திருந்த உப்பின் மேல் அது பரவியதும் வெள்ளை மங்கி, கொஞ்ச நேரத்தில் களிமண் தெரிந்தது. நுரைகூட இல்லை.

செல்லக்கனி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு லாரிப் பாதைக்கு நடந்தாள்.

"ஏளா, நில்லு! நாளைக்கு லாரி வந்துரும்லா!" என்று கத்தினான் முத்துராஜ்.

"நாளைக்குப் பாத்தி இருக்காதுல்லா" என்றாள் அவள், திரும்பாமலே. முதல் வெட்டு அவள்தான் வெட்டினாள். கொஞ்சம் பொறுத்து அவனும் வந்து பக்கத்தில் நின்று வெட்டினான். முழ அகலத்துக்கு வெட்டியதுமே தண்ணீர் மீதியை அறுத்துக்கொண்டு கடலைப் பார்க்க ஓடியது. நாலரை மணிக்குப் பாதை இல்லை. அம்பாரம் அந்தக் கரையில் ஓலைக்குள் இருந்தது.

அன்றைய செலவு: பேருந்து போக வர 95 ரூபாய், ஆட்டோ 1,400. நிலையத்தில் கட்டணம் இல்லை. திரும்பும்போது அந்தோணி என்னைத் தூத்துக்குடி பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டார், உப்பளத்திலிருந்து 18 கிலோமீட்டர். கூடுதல் பணம் வாங்கவில்லை.

இதை ஐப்பசியில் எழுதுகிறேன். அதற்குப் பிறகு நடந்ததை நேற்று அந்தோணியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உப்பளக்காரர்கள் கூட்டமாகப் போய் மனுக் கொடுத்து, புரட்டாசி கடைசியில் மதகை மூடினார்கள். ஓடை வற்றி, பாதைக்கு மண் கொட்டத் தொடங்கிய வாரத்திலேயே முதல் மழை பிடித்துக்கொண்டது. அம்பாரத்தின் ஓலை மட்டும் தரையோடு படிந்து கிடக்கிறதாம். காப்பாற்றிய ஏழு பாத்தியில் வாரிய உப்பையும் அதே கரையில்தான் குவித்திருந்தார்கள். குத்தகையை நிலக்காரர் வேறு ஆளுக்குப் பேசிவிட்டார். முத்துராஜ் துறைமுகத்தில் சுமை வேலைக்குப் போகிறான். செல்லக்கனி, குத்தகை எடுத்த அந்த வேறு ஆளிடமே தையில் மிதிக்கக் கூலிக்கு வருவதாகச் சொல்லிவைத்திருக்கிறாள். அவள் மிதித்து இறுக்கிய அதே தரைதான்.

பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா என்று கேட்பீர்கள். போகலாம். அவ்வளவு நேர்த்தியான நிலையத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அங்கே வேலை பார்ப்பவர்களுக்குச் சிக்கல் வரக்கூடாது என்றுதான் பெயரை இங்கே எழுதவில்லை, வேண்டுபவர்கள் என்னிடம் தனியாகக் கேளுங்கள். ஆனால் மதகோடு நிறுத்தி, படம் எடுத்து, வேனை ஊருக்குத் திருப்பிவிடாதீர்கள். அந்த 9 கிலோமீட்டரும் பாடத்தில் சேர்த்திதான். பெரிய வேன் மண் சாலையில் போகாது, கடைசி 2 கிலோமீட்டர் நடக்க வேண்டும். பத்து மணிக்கு முன்னால் போய்விடுங்கள். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மூடிய செருப்பு அவசியம். யாருடைய வரப்பிலும் கேட்காமல் கால் வைக்காதீர்கள். நான் பார்த்ததை அறிக்கையாக எழுதி நிலையத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் அனுப்பியிருக்கிறேன். மதகைத் திறப்பதற்கு முன் உப்பளத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள் என்பதுதான் அதன் சாரம். பதில் இன்னும் வரவில்லை.

கடைசியாக ஒன்று. குடிதண்ணீர் நிறையக் கொண்டுபோங்கள், அங்கே கிடைக்காது. அன்றைக்குப் பாதையை வெட்டி முடித்தபோது அவர்கள் கேனில் ஒரு சொட்டு இல்லை. செல்லக்கனிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டு பேச்சு வரவில்லை. என் பையில் இருந்தது கார்த்திக் கொடுத்த பாட்டில் ஒன்றுதான். ஒட்டுத்தாளைக் கிழிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன், கிழிக்கவில்லை. அப்படியே நீட்டினேன். ஒட்டுத்தாளில் இருந்த நிலையத்தின் பெயரை அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஓடையைப் பார்த்தாள். பிறகு அண்ணாந்து பாதியைக் குடித்துவிட்டு, மீதியைப் புருஷனிடம் கொடுத்தாள்.

"தண்ணி நல்லாத்தான் இருக்கு, டீச்சர்" என்றாள்.